கூச்சிங் தயாக் சாப்பாடு: மூங்கில் கோழியில் மசாலாவே இல்லை. குறை கடையிலா, என் நாக்கிலா?

#1 ஸ்கூடாய்_சேகர்

வேலை விஷயமாக நாலு நாள் கூச்சிங் போய்விட்டு வந்தேன். போர்னியோ தீவில் இருக்கும் நம் மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்கு (கூச்சிங் அதன் தலைநகர்) இதுதான் முதல் தடவை. சொந்த நாட்டுக்குள்ளேயே விமானம் ஏறி இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, 90 நாள் தங்கலாம் என்று ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவது தனி அனுபவம்தான்.

அங்கே என்னோடு வேலை பார்த்தவர் இபான், அதாவது தயாக் பழங்குடிகளில் ஒரு பிரிவு. "லக்சா, கொலோ மீ நூடுல்ஸ் எல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது, இன்றைக்கு எங்க வீட்டுச் சாப்பாடு" என்று ஒரு தயாக் உணவகத்துக்குக் கூட்டிப் போனார். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் ஒரு குறை இருக்கிறது, அதனால்.

சுவரில் சிவப்பும் பழுப்புமாகப் பெரிய நெசவுத் துணி. ஒலிபெருக்கியில் மெதுவாக ஏதோ கம்பி வாத்தியம். முக்கியமான ஐட்டம் 'மானொக் பான்சோ', அதாவது மூங்கிலுக்குள் வேகவைத்த கோழி. முழங்கை நீளத்துக்கு ஒரு மூங்கில், வெளிப்பக்கம் கரிந்து கறுத்துப் போயிருந்தது. வாயில் தக்கை மாதிரி மரவள்ளி இலையைத் திணித்திருந்தார்கள். பரிமாறும் பெண் இடுக்கியால் அந்த இலையைப் பிடுங்கினதும் ஒரு ஆவி வந்தது பாருங்கள், மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி வாசனை. அப்படியே சாய்த்துக் கிண்ணத்தில் கொட்டினார். தெளிவான சாறு, அதில் இஞ்சி, நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்), எலும்போடு வெட்டிய நாட்டுக்கோழி.

ஆசையாக ஒரு கரண்டி குடித்தேன். காய்ச்சல்காரனுக்கு வைத்துக் கொடுக்கும் சூப் மாதிரி இருந்தது. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. நண்பர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து நானும் சாற்றைச் சோற்றில் ஊற்றி, அந்தத் தக்கை இலையையும் கொஞ்சம் எடுத்து வைத்துப் பிசைந்தேன். நாலாவது வாயில்தான் ஏதோ பிடிபட்டது. அந்த இலை குழைந்து, கோழிக் கொழுப்பைக் குடித்து, லேசான கசப்போடு இருந்தது. கோழியை விட்டுவிட்டு இலையைத் தேடித் தேடிச் சாப்பிட்டேன்.

மற்றதெல்லாம்: பிளாச்சான் (இறால் விழுது) போட்டு வதக்கிய மிடின் (கொழுந்துப் பெரணி, நறுக் நறுக்கென்று அருமை), புளிப்புக் கத்தரிக்காய் போட்ட மீன் குழம்பு, அப்புறம் புளிக்கவைத்த கடுகுக்கீரை ஒரு சின்னக் கிண்ணம். கடைசியாகச் சொன்னதன் வாசனைக்கு நான் தோற்றுப்போனேன்.

குறை இதுதான். மூங்கில் வர 50 நிமிடம் ஆனது. அது பரவாயில்லை. ஆனால் நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு சாகோ புழு வறுவலைக் கொண்டுவந்து வைத்து, "வெளியூர்க்காரர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள்" என்று சொல்லி, பில்லிலும் சேர்த்துவிட்டார்கள். நண்பருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது கேள்வி: இந்தச் சாப்பாட்டில் நிஜமாகவே ருசி இவ்வளவுதானா, இல்லை நம் நாக்குக்குத்தான் பாஷை தெரியவில்லையா?

#2 கொங்குநாட்டான்

சேகர், நாக்கில் ஒரு குறையும் இல்லை. கோழியைத் தண்ணீரில் வேகவைத்து மூங்கிலில் ஊற்றினால் அது வேகவைத்த கோழிதான். நானும் ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் மூங்கில் கோழி சாப்பிட்டிருக்கிறேன். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது, ஆனால் மசாலா தடவி ஊறவைத்து உள்ளே வைப்பார்கள். வாயில் வைத்தால் சும்மா நிற்கும். மஞ்சள் மிளகாய்கூட இல்லாத கோழிக்கு 50 நிமிடம் காத்திருந்த உங்கள் பொறுமைக்குத்தான் விருது கொடுக்க வேண்டும்.

#3 மிரி_மீனா

சேகர் தம்பி, இந்த இழையைப் பார்த்ததும் சமையலை அப்படியே விட்டுவிட்டு எழுதுகிறேன். எனக்கு வாய்த்த மாமியார் வீடு சரத்தோக் பக்கத்து இபான் நீள்வீடு, அதாவது பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் வீடு. கல்யாணம் ஆகி 19 வருஷம். ஈப்போவில் பிறந்து மிளகாய்த் தூளோடு வளர்ந்தவள் நான், அதனால் உங்கள் முதல் கரண்டி அனுபவம் நன்றாகவே புரிகிறது.

முதலில் ஒரு விஷயம். தயாக் என்பது ஒரே இனம் இல்லை. இபான், பிடாயு, ஓராங் உலு என்று சொல்லப்படும் காயான், கென்யாஹ், கெலாபிட், லுன் பாவாங் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். சாப்பாடும் அப்படித்தான். நீங்கள் சுவரில் பார்த்த துணி புவா கும்பு, அது இபான் பெண்கள் நெய்வது. ஒலிபெருக்கியில் கேட்டது சாப்பே, அது ஓராங் உலு மக்களின் வாத்தியம். உணவகத்தில் இரண்டையும் கலந்து வைப்பார்கள், தப்பில்லை. ஆனால் என் மாமியாரிடம் சாப்பே இபான் வாத்தியம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார்.

மசாலா விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் விளையும் மிளகு கிட்டத்தட்ட முழுவதும் சரவாக் மிளகுதான். அதில் பெரும்பங்கு இபான், பிடாயுக் குடும்பங்களின் சின்னச் சின்னத் தோட்டங்களில் விளைவது. எங்கள் நீள்வீட்டு முன்னாலேயே பாய் விரித்து மிளகு காயப் போட்டிருப்பார்கள். இருந்தும் பான்சோவில் ஒரு மிளகைக்கூடப் போடமாட்டார் மாமியார். "மிளகு விற்கிறதுக்கு" என்பார். மசாலா கிடைக்காததால் இப்படிச் சமைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கோழி கோழியாக இருக்க வேண்டும், மூங்கில் வாசனை மேலே நிற்க வேண்டும், அதுதான் கணக்கு.

மூங்கில் வாசனை வர வேண்டுமென்றால் அன்றைக்கு வெட்டிய பச்சை மூங்கிலாக இருக்க வேண்டும். அதன் உள்சுவரிலிருந்து ஊறும் நீர் சாற்றில் இறங்கும். காய்ந்த மூங்கிலிலோ, ஒரு தடவை சமைத்துக் கழுவி வைத்த மூங்கிலிலோ அது வராது. சில கடைகளில் பானையில் வேகவைத்துக் கடைசி நேரத்தில் மூங்கிலில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். அது கொங்குநாட்டான் சொன்ன 'வேகவைத்த கோழி'யேதான். உங்களுக்கு 50 நிமிடம் ஆனது, வெளியே கரி இருந்தது, தக்கை இலை குழைந்திருந்தது. அப்படியென்றால் நிஜமாகவே நெருப்பில் வைத்திருக்கிறார்கள். தாமதத்துக்குச் சந்தோஷப்படுங்கள்.

புழுத் தட்டு விஷயத்தில் கடைக்காரர் செய்தது தப்பு. அதைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், அடுப்பில் கீரை கருகுகிறது.

#4 கொங்குநாட்டான்

மிளகு விளைகிற இடத்தில் மிளகில்லாத கோழி. எங்கள் ஊர் ஆத்தாக்கள் கேட்டால் அழுதுவிடுவார்கள் அக்கா.

#5 பிந்துலு_பார்த்திபன்

கொங்கு அண்ணே, உங்கள் ஊர்ப் பள்ளிபாளையம் சிக்கனில் என்ன போடுகிறார்கள்? வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு. மசாலாத் தூள் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இவர்கள் இன்னும் இரண்டு பொருளைக் குறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பிந்துலு எரிவாயு ஆலையில் ஒப்பந்த வேலை, ஆறு வருஷமாக இருக்கிறேன். சாகோ புழு சாப்பிட்டிருக்கிறேன், எழுதட்டுமா? பலவீனமான மனதுக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நம்ம ஊரில் தென்னையைத் துளைத்துக் கொல்லுமே சிவப்புக் கூன்வண்டு, அதன் புழுதான் இது. தோப்பில் பார்த்தால் நாம் மருந்து தேடி ஓடுவோம், இங்கே கிலோ விலை சொல்வார்கள். தண்டிலிருந்து மாவு எடுப்பார்களே சாகோ மரம், அதை வெட்டிப்போட்டால் அந்தத் தண்டில் வளரும். கட்டைவிரல் தடிமன், வெண்ணெய் நிறம், தலை மட்டும் பழுப்பு. பச்சையாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, நான் அந்த அளவுக்குப் போகவில்லை. எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டால் அதன் கொழுப்பிலேயே பொரியும். வெளியே முறுகல், உள்ளே தேங்காய்ப் பால் கெட்டியான மாதிரி. முதல் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது கண்ணைத் திறந்துகொண்டு.

இன்னொன்று. மூக்கா, டாலாட் பக்கத்து மெலானாவ் மக்களுக்குச் சாகோதான் ஆதாரம். 'உமாய்' என்று எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன், அதுவும் அவர்களுடையதே. தயாக் உணவகப் பட்டியலில் உமாய் இருக்கும், சாப்பிடுங்கள், ஆனால் அது மெலானாவ் சாப்பாடு என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

#6 வெண்ணிலா_கேஎல்

அடுத்த மாதம் குடும்பத்தோடு கூச்சிங் போகிறோம். நான் சைவம், வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுவார். இந்த மாதிரிக் கடையில் எனக்கு வெறும் சோறுதானா?

#7 மிரி_மீனா

வெண்ணிலா, சோறே ஒரு ஐட்டம் அங்கே. பாரியோ அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள். கெலாபிட் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில் விளைவது. சின்ன மணி, பொங்கினால் ஒன்றோடொன்று லேசாக ஒட்டும், தனியாகவே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

மிடின் கேளுங்கள், ஆனால் பிளாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிளாச்சான் கூனிஇறால் என்பதையே பலர் மறந்துவிடுவார்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சி போடாமல் பிளாச்சான் போட்டுக் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரிந்த ஐயர் வீட்டுப் பையனுக்கு நடந்தது. சாங்கோக் மானிஸ் என்று ஒரு கீரை, ஊரில் மல்டிவிட்டமின் கீரை என்பார்களே அதே, பெரும்பாலும் முட்டை போட்டு வதக்குவார்கள். முட்டையில்லாமலும் செய்து தருவார்கள். புளிப்புக் கத்தரிக்காய், அதாவது தெரோங் தயாக், உருண்டையாக ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் இருக்கும். மீன் போடாமல் வெறும் சாறாகக் கேட்டுப் பாருங்கள். புளி கரைக்காமலே புளிக்குழம்பு மாதிரி வரும்.

அப்புறம் டாபாய் கிடைக்கும் பருவமாக இருந்தால் விடாதீர்கள். கறுப்பாக, நாவல்பழத்தைக் கொஞ்சம் நீட்டின மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டால் மெத்தென்று ஆகும், உப்பு தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றிவிட்டால் இறுகிப்போகும், அப்புறம் கல்லைத்தான் கடிக்க வேண்டும்.

பன்றி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தயாக் மக்களில் கிறிஸ்தவர்கள் அதிகம், பன்றி இறைச்சி இல்லாத விருந்து அவர்களுக்கு விருந்தே இல்லை. சில உணவகங்களில் அது உண்டு, சிலவற்றில் முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்காக அறவே கிடையாது. நம்மவர்களில் வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

#8 தைப்பிங்_தாமோ

பிள்ளைகளே, இந்தக் கிழவனும் கொஞ்சம் பேசலாமா.

மரவள்ளி இலையைச் சேகர் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது பழைய சொந்தம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் கிழங்கைத் தின்றார்கள், கிழங்கு தீர்ந்தால் இலையைத் தின்றார்கள். என் அம்மா கடைசிவரை அந்த இலையை வீட்டுக்குள் விடவில்லை. "பஞ்சத்துக்குத் தின்னதை விருந்துக்கு வைப்பியா" என்பார். இலையில் நஞ்சும் உண்டு, நன்றாக இடித்து வேகவைத்தால்தான் போகும். பச்சையாக யாரும் பரீட்சை பண்ண வேண்டாம்.

தயாக்கு என்றாலே எங்கள் தலைமுறைக்கு வேறு ஞாபகம். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தபோது காட்டுக்குள் தடம் பார்க்க இபான்களைச் சரவாக்கிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். என் அப்பா அப்போது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் பச்சை குத்திய ஆட்கள் தோட்டத்து வழியாகப் போனால் லயத்துக் கதவெல்லாம் சாத்திவிடுவார்களாம். "தலைவெட்டி வரான்" என்று பிள்ளைகளை மிரட்டிச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். ஆனால் அப்பா வேறொன்றும் சொல்வார். அவர்களில் ஒருவன் பால் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூங்கிலை வெட்டி, அதற்குள்ளேயே அரிசி போட்டுச் சுட்டுச் சாப்பிட்டானாம். பானை சட்டி எதுவும் இல்லாமல் ஒருத்தன் சோறு பொங்கியதை அப்பா அறுபது வயதிலும் ஆச்சரியமாகச் சொல்வார். பயந்த கதையை ஒரு தடவைதான் சொன்னார், சோற்றுக் கதையை நூறு தடவை.

#9 மிரி_மீனா

தாமோ ஐயா, இதை என் வீட்டுக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருடைய தாத்தாவின் தம்பியும் அப்படி மலாயாவுக்குப் போனவராம். "தோட்டத்து ஆட்கள் எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்துவார்கள், ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து வரும் குழம்பு வாசனையில் எங்களுக்குத் தூக்கம் வராது" என்று அவர் சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

#10 ஊர்சுற்றி_ரகு

இவ்வளவு பேசுகிறீர்கள், ஆனால் உணவகத்தில் சாப்பிட்டதை வைத்துத் தயாக் சாப்பாடு என்று முடிவு கட்டுவது சரியா? குளிரூட்டிய அறை, துணி விரித்த மேசை, மூங்கிலில் பில். இதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான நாடகம். நிஜம் வேண்டுமென்றால் நீள்வீட்டுக்குப் போங்கள். நான் அன்னா ராயிஸில் பிடாயு வீட்டில் தங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கூச்சிங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மூங்கில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு இந்த உணவகங்களில் எனக்கு இறங்கவில்லை.

#11 மிரி_மீனா

ரகு தம்பி, கோபம் இல்லை, ஆனால் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

என் மாமியாருக்கு 71 வயது. நீள்வீட்டில் இப்போது பாதிக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. பிள்ளைகள் மிரியில், பிந்துலுவில், கூச்சிங்கில், ஜொகூரில். கூச்சிங்கில் நாத்தனார் இருப்பது ஏழாவது மாடி. அங்கே பச்சை மூங்கிலை எங்கே வைத்துக் கொளுத்துவது? மாமியார் அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து குடும்பமாக அப்படிப்பட்ட உணவகத்துக்குத்தான் போகிறார்கள். பான்சோ வந்ததும் முதல் கரண்டி குடித்துவிட்டுத் தன் சமையலோடு ஒப்பிட்டுக் குறை சொல்லுவார். பிறகு இரண்டாவது மூங்கில் ஆர்டர் பண்ணுவார். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இபானும் பிடாயுவும்தான். இது யாருக்கான நாடகம்?

வீட்டில் சமைத்ததெல்லாம் நிஜம், காசு கொடுத்துச் சாப்பிட்டதெல்லாம் பொய் என்றால் நாம் வாழையிலைக் கடையில் சாப்பிடுவது என்ன? 2021இல் யுனெஸ்கோ கூச்சிங்கை உணவுக்கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது, மலேசியாவில் அதுதான் முதல். லக்சாவையும் கொலோ மீயையும் மட்டும் வைத்து அது வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உணவகத்தில் கிடைக்காத ஐட்டங்கள் உண்டு. எங்காபாங் கொழுப்பு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காட்டு மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. அந்த மரம் வருஷா வருஷம் காய்க்காது, சில வருஷத்துக்கு ஒரு தடவை காடே சேர்ந்து காய்த்துக் கொட்டும். கொழுப்பை உருக்கி மூங்கிலில் ஊற்றி இறுகவைப்பார்கள், மஞ்சளாக மெழுகுவர்த்தி மாதிரி வரும். அதில் ஒரு துண்டைச் சீவிச் சுடுசோற்றின் மேல் வைத்தால் கரைந்து இறங்கும், மேலே இரண்டு கல் உப்பு. முதல் தடவை அதைச் சாப்பிட்டபோது எனக்கு ஈப்போ வீடும் பாட்டி ஊற்றின நெய்யும் ஞாபகம் வந்து, மாமியார் முன்னால் கண் கலங்கிவிட்டது. காரமாக இருக்கிறதோ என்று அவர் பதறிப்போனார். காரமே இல்லாத சாப்பாட்டில்!

#12 ஊர்சுற்றி_ரகு

சரி அக்கா, சரணாகதி. வாழையிலைக் கடை உதாரணத்தில் மடக்கிவிட்டீர்கள்.

#13 மேடான்_மணி

எல்லையின் இந்தப் பக்கம், இந்தோனேசியாவிலும் தயாக் இருக்கிறார்கள், மறந்துவிடாதீர்கள். போர்னியோவில் பெரிய பகுதி எங்கள் களிமந்தான்தானே. நான் மேடான் தமிழன், வேலைக்காகப் பாலங்கராயாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே ஙாஜு தயாக் மக்கள். அவர்களுடைய பெயர்பெற்ற ஐட்டம் பிரம்புக் குருத்து. ஆமாம், நாற்காலி பின்னுகிற அதே பிரம்பு. முள்ளை உரித்து உள்ளேயிருக்கும் வெள்ளைக் குருத்தை எடுத்து ஆற்றுமீனோடு குழம்பு வைப்பார்கள். லேசான கசப்பு, மூங்கில் குருத்தைவிட மெது.

இன்னொன்று காலும்பே. மரவள்ளி இலையை இடித்து, அதோடு என்ன போடுவார்கள் தெரியுமா? சுண்டைக்காய்! பச்சைச் சுண்டைக்காயை இலையோடு சேர்த்துக் குழைய வேகவைப்பார்கள். நான் சாப்பிட்டுவிட்டு ஆத்தாவுக்குப் போன் பண்ணி, "இங்கே சுண்டைக்காய்க் கீரைக்கூட்டு கிடைக்கிறது" என்றேன். நம்பவில்லை.

#14 கொங்குநாட்டான்

சுண்டைக்காய் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

#15 பிந்துலு_பார்த்திபன்

துவாக் என்ற அரிசி மது பற்றி யாரும் எழுதவில்லை, ஏன் எல்லாரும் நல்லவர்களாக நடிக்கிறீர்கள்?

புளுட் அரிசியை (ஒட்டரிசி) வேகவைத்து, ஆறவைத்து, ராகி என்னும் ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, ஜாடியில் மூடிவைப்பது. சில நாளில் அரிசி தண்ணீர் விடும், அப்புறம் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். வட சென்னைச் சுண்டக்கஞ்சிக்குப் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது தெளிவானது, இனிப்பானது. அந்த இனிப்பில்தான் ஆபத்து. பழச்சாறு மாதிரி மூன்று குவளை போகும், நாலாவதில் நாற்காலி நகர ஆரம்பிக்கும். உணவகத்தில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தருவார்கள், அளவு தெரியும். ஜூன் 1 காவாய் அறுவடைத் திருநாள் அன்றைக்கு நீள்வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு குவளை நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. எல்லாரும் சேர்ந்து "ஊஊ... ஹா!" என்று கத்திவிட்டுக் குடிக்க வேண்டும். நான் போன வீட்டில் 22 கதவு. ஒன்பதாவது கதவுக்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. காடி ஓட்டிக்கொண்டு போனவர்கள் அங்கேயே படுத்துத் தூங்குங்கள்.

அப்புறம் அந்தக் காவாய் பலகாரத் தட்டில் ஒன்று இருந்தது. அரிசி மாவும் சர்க்கரையும் கரைத்து எண்ணெயில் ஊற்றிச் சுட்டது, ஓரம் முறுகல், நடுவில் புசுபுசுவென்று. பெயர் கேட்டேன். 'பென்யாராம்' என்றார்கள். இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

#16 தைப்பிங்_தாமோ

பணியாரம்தான் தம்பி. மலாய்க்காரர்களும் 'பெனியாராம்' என்பார்கள். கப்பல் ஏறிப்போன சொல், நீள்வீடு வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. கூச்சிங்கில் ஜாலான் இந்தியாவும் அங்கே பழைய இந்தியப் பள்ளிவாசலும் இருக்கின்றன. மாத்தாங் மலையில், சரவாக்கை ஆண்ட வெள்ளை ராஜா காலத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில்கூட உண்டு. வெண்ணிலா, குடும்பத்தோடு போகிறீர்களே, அந்தக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

#17 மிரி_மீனா

ராத்திரி எழுதுகிறேன் என்று சொன்ன புழு விஷயம், மூன்று நாள் தள்ளிப்போய்விட்டது.

சேகர், புழுவைச் சாப்பிடுவதில் கேலிக்கு ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கச்சான் (நிலக்கடலை) மாதிரி சாப்பிடுவார்கள். கேட்காமல் கொண்டுவந்து வைத்து, படம் எடுக்கச் சொல்லி, காசும் வாங்குவதுதான் அசிங்கம். உங்கள் நண்பர் வெட்கப்பட்டது அதனால்தான். ஒரு இபான் வீட்டில் விருந்தாளி முன்னால் தட்டு வைத்தால் வைத்தவரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். எட்ட நின்று உங்கள் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க மாட்டார். அடுத்த தடவை இப்படி வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள், பில்லில் ஏற முடியாது.

நீங்கள் தோற்றுப்போன அந்தக் கடுகுக்கீரை காசாம் என்சாபி. மலைநெல் வயலில் நெல்லோடு சேர்த்தே கடுகை விதைப்பார்கள். நெல் வளர்வதற்குள் கீரை மண்டிவிடும், ஒரேயடியாகத் தின்று தீர்க்க முடியாது. உப்பும் கொஞ்சம் சோறும் போட்டுப் பிசைந்து ஜாடியில் அடைத்துவிடுவார்கள். சில நாளில் புளித்துவிடும். அப்படியே வாயில் போட்டால் யாருக்கும் பிடிக்காது. பான்சோ சாறு ஊற்றின சோற்றுக்கு ஓரத்தில், ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். சாறு மந்தமாகத் தெரிந்தது என்றீர்களே, அதைத் தூக்கிவிடுவதற்குத்தான் அந்தக் கிண்ணம். நீங்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாற்றைக் குறை சொல்லியிருக்கிறீர்கள்!

#18 ஸ்கூடாய்_சேகர்

அக்கா, ரசம் சாதத்தைப் பரிமாறி ஊறுகாயை ஒளித்துவைத்துக்கொண்ட கதை. யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

#19 ஊர்சுற்றி_ரகு

ஒரு அவசர உதவி. இந்த இழையைப் படித்த ஆர்வத்தில் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் வெட்டிக் கோழி வைத்தேன். 20 நிமிடத்தில் டமாரென்று வெடித்து, கோழி வேலியில், சாறு நெருப்பில். அடுத்த வீட்டு அங்கிள் பட்டாசு என்று நினைத்து எட்டிப் பார்த்தார். என்ன தப்பு?

#20 மிரி_மீனா

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் கணு உள்ள மூங்கிலில் ஓட்டை போட்டு அடைத்தீர்களா?

#21 ஊர்சுற்றி_ரகு

ஆமாம். ஓட்டையைக் கட்டையால் அடித்து இறுக்கினேன்.

#22 மிரி_மீனா

அது வெடிகுண்டு தம்பி, பான்சோ இல்லை. அடிப்பக்கம் மட்டும் கணு இருக்க வேண்டும், மேல்வாய் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். முழுசாக நிரப்பாதீர்கள், ஒரு சாண் காலியாக விடுங்கள். வாயை மரவள்ளி இலையால் கையால் அழுத்தி அடைத்தால் போதும், ஆவி அந்த வழியாகக் கசிய வேண்டும். தணல் பக்கத்தில் சாய்த்து நிறுத்துங்கள், நடு நெருப்பில் படுக்கவைக்காதீர்கள். அவ்வப்போது திருப்பிவிடுங்கள். பச்சைத்தோல் பழுப்பாகி, கறுக்க ஆரம்பித்து, இலை வழியாகச் சாறு நுரைத்து வாசனை வந்தால் முடிந்தது. பண்ணைக்கோழி போட்டால் குழைந்துவிடும், நாட்டுக்கோழிதான் தாங்கும். வாளியில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

#23 ஸ்கூடாய்_சேகர்

தகவல் சொல்ல வந்தேன். போன வாரம் மறுபடியும் கூச்சிங். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். வேறு கடை. உட்காரும்போதே புழு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரிமாறிய அம்மா சிரித்துக்கொண்டே, "நாங்களும் தினமும் சாப்பிடுவதில்லை" என்றார்.

மூங்கில் வந்தது. தக்கையைப் பிடுங்கியதும் அம்மா குனிந்து மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் மீனா அக்கா சொன்னபடி சாறு, இலை, ஓரத்தில் காசாம் என்று ஒழுங்காக வைத்துப் பிசைந்தேன். போன தடவை சாப்பிட்டதும் இதுவும் ஒன்றுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. அந்தப் புளிப்பு ஒரு துளி நாக்கில் பட்டவுடன் சாற்றில் இருந்த இஞ்சி, செராய், மூங்கில் எல்லாம் தனித்தனியாக வந்து நின்றன.

அம்மா கோழியைத் தொடவில்லை. இலையை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் சரி, உப்புதான் கம்மி" என்றார்.

#24 கொங்குநாட்டான்

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் முதல் நாளே சொன்னேனே.

#25 மிரி_மீனா

நீங்கள் சொன்னது மசாலா, அம்மா சொன்னது உப்பு. உப்பு மேசையிலேயே இருக்கும், சேகர் நகர்த்தி வைத்திருக்கலாம்.

ரகு, மூங்கில் என்ன ஆயிற்று?

#26 ஊர்சுற்றி_ரகு

இப்போதுதான் தணலில் சாய்த்திருக்கிறேன். அங்கிளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி.